மரத்தடியில் கூடியவர்கள்: பார்பிசோன் ஓவியர்களின் நான்கு பருவங்கள்



1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டில் ஓர் அரசாணை வந்தது. பாரிசுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபோன்டேன்புளூ காட்டில் 1,097 ஹெக்டேர் நிலத்தை, அதாவது சுமார் 2,700 ஏக்கரை, வழக்கமாக மரம் வெட்டும் கணக்கிலிருந்து தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? அங்கே உட்கார்ந்து படம் வரைகிறவர்களுக்காக! அமெரிக்காவின் புகழ்பெற்ற யெல்லோஸ்டோன் பூங்கா 1872-இல்தான் வந்தது. அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, ஓவியர்கள் கேட்டார்கள் என்பதற்காக ஓர் அரசு ஒரு காட்டுப் பகுதியைப் பாதுகாத்தது.

இது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏன் இப்போது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஃபோன்டேன்புளூ பாரிசிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மொத்தப் பரப்பு சுமார் 17,000 ஹெக்டேர். பழைய ஓக் மரங்கள், பீச் மரங்கள், யானைக் கூட்டம் படுத்திருப்பது போன்ற மணற்பாறைகள். ஒரு காலத்தில் அரசர்களின் வேட்டைக்காடு. பாரிஸ் தெருக்களில் பதிக்கும் கற்களும் இங்கிருந்துதான் வெட்டிப் போயின. இந்தக் காட்டின் ஓரத்தில் ஒரே ஒரு நீளத் தெருவாக இருந்த சிற்றூர் பார்பிசோன். அங்கே இருந்தவர்கள் விவசாயக் கூலிகளும் விறகுவெட்டிகளும். கோயில்கூட அந்த ஊரில் கிடையாது, பக்கத்து ஊரான ஷாயிக்குத்தான் போக வேண்டும்.

1820களில் பிரான்சுவா கான் என்பவரும் அவர் மனைவியும் அந்தத் தெருவில் ஒரு மளிகைக் கடையோடு சேர்த்துத் தங்கும் விடுதி ஆரம்பித்தார்கள். கான் என்றால் நம் தமிழில் காடு. தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமான பெயர். அந்த விடுதிக்கு வந்து தங்கிய ஓவியர்களைத்தான் பிற்காலத்தில் பார்பிசோன் ஓவியர்கள் என்று உலகம் அழைத்தது. அவர்களுடைய ஒரு வருடம் எப்படிப் போயிருக்கும் என்று பார்ப்போம்.

வசந்தம்

அந்தக் கால பிரெஞ்சு ஓவியர்களின் வருடம் 'சலோன்' என்ற பாரிஸ் கண்காட்சியைச் சுற்றித்தான் ஓடியது. அரசின் ஆதரவில் நடக்கும் அந்தக் கண்காட்சியில் இடம் கிடைத்தால்தான் படம் விற்கும். நடுவர்கள் புராணக் காட்சிகளையும் போர்க்களங்களையும் பெரிதாக மதித்தார்கள். வெறும் மரம், வெறும் குளம், வெறும் மாடு என்றால் முகம் சுளித்தார்கள். தெயோதோர் ரூசோ என்ற ஓவியரின் படங்களை 1836 முதல் 1841 வரை திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டார்கள். தத்துவ ஞானி ரூசோ வேறு, இவர் வேறு. 'மாபெரும் நிராகரிக்கப்பட்டவர்' என்றே இவருக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது.

சலோன் வேலை முடிந்து, மரங்கள் துளிர்க்கும்போது ஓவியர்கள் பார்பிசோனுக்குக் கிளம்புவார்கள். இரண்டு விஷயங்கள் இந்தப் பயணத்தைச் சுலபமாக்கின. ஒன்று, 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் உரிமம் பெற்ற தகர வண்ணக்குழாய். அதற்கு முன் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். குத்தித் திறந்தால் பிறகு மூட முடியாது, காய்ந்து போகும். பற்பசை போலப் பிதுக்கி மூடி வைக்கும் குழாய் வந்ததும், வண்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நாள் முழுக்க இருக்க முடிந்தது. இரண்டாவது ரயில். 1849-இல் பாரிசிலிருந்து ஃபோன்டேன்புளூ வழியாக ரயில்பாதை வந்துவிட்டது.

கோடை

காலையில் முக்காலி, குடை, வண்ணப்பெட்டி, விடுதி அம்மாள் கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாடு ஆகியவற்றோடு ஓவியர்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். பா-ப்ரெயோ என்ற பழைய ஓக் தோப்பும் அப்ரெமோன் பாறைப் பள்ளத்தாக்கும் அவர்களுக்கு மிகவும் பிடித்த இடங்கள். சாயங்காலம் திரும்பி வந்து அன்றைய படங்களை ஒருவருக்கொருவர் காட்டி, வாதாடி, கிண்டல் செய்து, ஒரே மேசையில் சாப்பிடுவார்கள்.

மழை பெய்தால்? வெளியே போக முடியாது. கை சும்மா இருக்காது. விடுதியின் அலமாரிக் கதவுகளிலும் சுவர்களிலும் வரைந்து தள்ளினார்கள். இன்று அந்த விடுதி அரசு அருங்காட்சியகம். அலமாரிகள் அந்தப் படங்களோடு அப்படியே இருக்கின்றன.

புதிதாக வருகிறவருக்கு ஒரு சடங்கும் உண்டு என்பார்கள். பெரிய குழாயில் புகை பிடிக்கச் சொல்லி, புகையின் நிறத்தைப் பார்த்து, 'இவர் வண்ணக்காரர்' அல்லது 'இவர் பழைய மரபுக்காரர்' என்று சபையில் தீர்ப்புச் சொல்வார்களாம்.

வங்கியில் பேரேடுகளோடு காலம் தள்ளிய எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. பிற்காலத்தில் அதே தெருவில் சிரோன் என்பவரின் விடுதி பிரபலமானது. 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1870களில் அங்கே தங்கி, அதைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவு எந்நேரம் திரும்பினாலும், விடுதிக்காரர்கள் தூங்கிக்கொண்டிருக்க, தங்கியிருப்பவர்கள் தாங்களே நிலவறைக்குப் போய் வேண்டிய பானத்தை எடுத்துக்கொள்வார்கள். யாரும் கணக்கு எழுதுவதில்லை. வாரக் கடைசியில் குறைந்த மொத்தத்தைக் கணக்கிட்டு, தங்கியிருந்தவர்கள் பெயரில் பங்கு போட்டு, 'உபரிச் செலவு' என்ற தலைப்பில் எழுதிவிடுவார்கள். நம் மெயின்டனன்ஸ் கணக்குக்கு இந்த முறையைப் பொருளாளரிடம் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் ஒருவர் மேல் ஒருவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

இலையுதிர் காலம்

அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை அங்கே ஏழைகளுக்கு இருந்தது. நம் ஊரில் களத்து மேட்டிலும் அறுத்த வயலிலும் உதிரி நெல் பொறுக்கியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். குனிந்து கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை 1857-இல் வரைந்தவர் மில்லே. விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், 1849-இல் பாரிசில் காலரா பரவியபோது மனைவி குழந்தைகளோடு பார்பிசோனுக்கு வந்தார். சில மாதங்களுக்கு வந்தவர், 1875-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்துவிட்டார். ஒன்பது குழந்தைகள். தீராத கடன்.

1855-இல் நடந்த ஒரு சம்பவம். மரத்துக்கு ஒட்டுக்கட்டும் விவசாயியின் படத்தை மில்லே வரைந்திருந்தார். ஓர் அமெரிக்கர் அதை 4,000 பிராங்குக்கு வாங்கிக்கொண்டதாக ரூசோ வந்து சொன்னார். அந்த அமெரிக்கர் யாரும் இல்லை. வாங்கியவர் ரூசோவேதான். நண்பரின் தன்மானம் புண்படக் கூடாது என்று இப்படிச் செய்தார்.

நார்சிஸ் தியாஸ் என்ற இன்னொரு ஓவியருக்கு ஒரு கால் மரக்கால். 1860களில் காட்டில் வரைந்துகொண்டிருந்த ஓர் இளைஞனைச் சிலர் கேலி செய்து தொந்தரவு செய்ய, தியாஸ் கைத்தடியோடு வந்து விரட்டினார். பிறகு படத்தைப் பார்த்து, 'ஏன் இவ்வளவு கறுப்பாக வரைகிறாய்?' என்று கேட்டார். கையில் காசில்லாத அந்த இளைஞனுக்குத் தன் வண்ணக் கடையில் கடன் கணக்கும் திறந்து வைத்தார். அந்த இளைஞன் ரெனுவார். பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர்.

பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வயலில் நின்று மாலைப் பிரார்த்தனை செய்யும் தம்பதியை மில்லே வரைந்த படம் முதலில் சுமார் 1,000 பிராங்குக்குப் போனது. அவர் இறந்து 14 ஆண்டுகளுக்குப் பின், 1889-இல், ஏலத்தில் அது 5,53,000 பிராங்க் விலை பெற்றது. அவருடைய குடும்பத்துக்கு அதில் ஒரு காசும் இல்லை. மறுவிற்பனையில் ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ பங்கு தர வேண்டும் என்று பிரான்ஸ் 1920-இல் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் படத்தைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

பனிக்காலம்

குளிர் வந்ததும் பெரும்பாலோர் பாரிசுக்குத் திரும்பி, அடுத்த சலோனுக்கான படங்களை முடிக்க உட்காருவார்கள். ஊரிலேயே தங்கியவர்கள் ரூசோ, மில்லே போன்ற சிலர்தான். இலை உதிர்ந்த குளிர்காலம்தான் அங்கே மரம் வெட்டும் காலம். கோடையில் மட்டும் வந்து போகிறவருக்கு ஒரு மரம் காணாமல் போனது தெரியாமலே போகலாம். வருடம் முழுக்க இருக்கிறவர் கோடரிச் சத்தத்தைக் கேட்பார். பனியில் நிற்கும் காட்டை ரூசோ ஒரு பெரிய படமாக ஏறத்தாழ 20 ஆண்டுகள் தீட்டிக்கொண்டே இருந்தார். அது இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வனத்துறையின் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. காடு அரசுக்கு வருமானம். வயதான மரங்களை வெட்டி, வெறும் மணல் கிடந்த இடங்களில் வேகமாக வளரும் பைன் கன்றுகளைப் பெருவாரியாக நட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் அது சரியான வரவுதான். ஆனால் 300, 400 வயது ஓக் மரத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? ரூசோ 1847-இல் மரம் வெட்டும் காட்சி ஒன்றை வரைந்தார். அதற்கு அவர் வைத்த பெயர், ஏரோது மன்னன் பச்சிளங் குழந்தைகளைக் கொன்ற பைபிள் கதையின் பெயர்.

1852-இல் ரூசோ அரசுக்கு மனு கொடுத்தார். ஓவியர்கள் படிக்கும் இடங்கள் இன்னின்னவை, இவற்றை விட்டுவிடுங்கள் என்பது கோரிக்கை. அடுத்த ஆண்டே, 1853-இல், 624 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, நான் முதலில் சொன்ன அரசாணையில் அது 1,097 ஹெக்டேர் ஆனது.

ஒன்றைக் கவனியுங்கள். 17,000 ஹெக்டேரில் 1,097 என்பது நூற்றுக்கு ஏழுகூட இல்லை. காடு முழுவதையும் தொடாதே என்று அந்த ஆணை சொல்லவில்லை. மனுவுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மரத்தையும் பல வருடங்களாக, எல்லாப் பருவத்திலும் பார்த்து வரைந்தவர்கள் கேட்டார்கள். அவர்களால் பெயர் சொல்லி, இடம் சொல்லிக் கேட்க முடிந்தது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது. படங்களைப் பார்த்துவிட்டு பாரிஸ் மக்கள் ரயிலேறிக் கூட்டம் கூட்டமாக வர, அமைதி தேடி வந்தவர்களுக்கே அங்கே அமைதி குறைந்தது. ரூசோ 1867-இல் காலமானார். அவரும் மில்லேயும் ஷாயி ஊர்க் கல்லறையில் இருக்கிறார்கள். காட்டின் விளிம்பில் ஒரு பாறையில் இருவர் முகங்களையும் 1884-இல் வெண்கலத்தில் பதித்தார்கள். 1948-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டதும் இதே ஃபோன்டேன்புளூவில்தான்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். வரும் பொதுக்குழுவில் நம் பின்பக்க மதிலோரம் உள்ள ஆறு புங்க மரங்களை எடுத்துவிட்டு, விருந்தினர் வண்டி நிறுத்த இடம் செய்யும் தீர்மானம் வருகிறது. வண்டி நிறுத்த இடமில்லாத சிரமம் உண்மையானது. தெருவில் நிறுத்தி அபராதம் கட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதனால் ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்று நான் வாதாடப் போவதில்லை. எந்த மரத்தை எடுத்தால் எத்தனை வண்டி நிற்கும், எதை விட்டால் எந்தப் பிளாக்குக்கு மேற்கு வெயில் தடுக்கப்படும் என்று மரத்துக்கு மரம் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். 'ஆறு மரங்கள்' என்று மொத்தமாக ஒரே வரியில் எழுதித் தீர்த்துவிட வேண்டாம்.

அதற்கு முன் அந்த மரங்களை நாம் பார்த்திருக்க வேண்டாமா? பொதுக்குழுவுக்கு முந்தைய ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு பின்பக்க மதிலுக்கு வாருங்கள். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். வரையத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆளுக்கொரு மரத்தை எடுத்துக்கொள்வோம். மரங்கள் நின்றால், பங்குனியில் புதுத்தளிர் வரும்போது, சித்திரையில் பூ உதிரும்போது, ஆடிக் காற்றில், ஐப்பசி மழை விட்ட காலையில் என்று வருடத்துக்கு நான்கு முறை அங்கேயே கூடலாம். காபி என் செலவு. அதைப் பங்கு போட வேண்டியதில்லை.