மேற்கோள்களின் தொகையும் சாட்சிகளின் தொகையும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளையும் அங்கு வாழும் முதுவர் குடியினரையும் பற்றி எழுதப் புகுவோர் எட்கர் தர்ஸ்டனைத் தொடாமல் செல்வது அரிது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் பொறுப்பேற்ற அவர், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூறாண்டு கடந்தும் மேற்கோளாகிறது. மருத்துவம் பயின்று, மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை ஆராய்ந்து, பின்னர் மனிதரின் மூக்கையும் மண்டையையும் அளக்கப் புறப்பட்டவர் அவர். அந்த அளவைகளுக்கு இன்று மதிப்பில்லை. நூலுக்கோ மதிப்புக் குறையவில்லை.

ஏலமலை முதுவர் பற்றிய செய்திகளைத் தமக்கு அளித்தவர் ஏய்ல்மர் மார்ட்டின் என்பார் என்று தர்ஸ்டன் நேர்மையாகவே குறித்துள்ளார். மதுரையிலிருந்து வெளியேறியபோது முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் எனப் பெயர் பெற்றதாக அம்மக்கள் கூறுவர். மார்ட்டினிடம் தம் வரலாற்றைச் சொன்ன முதுவர் யார்? குரங்கணிக்கு மேலுள்ள முதுவாக்குடியைச் சேர்ந்தவரா, மலையின் மறுபுறத்தவரா? அறிவிப்பாளர் தொடர் மார்ட்டினோடு நின்றுவிடுகிறது. அவருக்குப் பின் எத்தனை நூல்கள் இதை எடுத்தாண்டாலும் சாட்சி ஒருவரே.

நம் சமூகத்தைப் பற்றிய பகுதிகளின் நிலையும் இதுதான். லெப்பைகளையும் மரைக்காயர்களையும் விளக்கும் இடங்களில் தர்ஸ்டன் 1901ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் குடிக்கணக்கு அறிக்கையையே முதற்கண் முன்வைக்கிறார். இவ்விரு சாராரும் தமக்குள் மணவுறவு கொள்வதில்லை என்ற கருத்து அவ்வறிக்கையிலிருந்து வந்தது. அதை ஆக்கிய டபிள்யூ. பிரான்சிஸ்தான் 1906இல் மதுரை மாவட்ட விவரச் சுவடியையும் எழுதினார். அச்சுவடியும் தர்ஸ்டனுக்கு ஆதாரமாயிற்று. பின்னாளில் ஓர் ஆய்வாளர் குடிக்கணக்கு, சுவடி, தர்ஸ்டன் என மூன்று நூல்களை அடிக்குறிப்பில் அடுக்கும்போது மூன்று சான்றுகள் போலத் தோன்றும். பல இடங்களில் அவை ஒரே கையின் எழுத்தாகவே முடியும்.

ஹதீஸ் கலையினர் இம்மயக்கத்தை முன்னரே அறிந்திருந்தனர். இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு 1245) தம் 'முகத்திமா'வில் வகுத்தளித்த கலைச்சொற்களுள் 'ஃகரீப்' என்பதும் ஒன்று. எத்தனை மாணவர் வழியே பரவினும், தொடரில் ஓரிடத்தில் ஒருவர் மட்டுமே அறிவித்தது ஃகரீபேயாகும். அது பொய் என்பது இதன் பொருளன்று. அந்த ஒருவரை ஆராயாமல் தலைகளை எண்ணக் கூடாது என்பதே பொருள்.

இக்காலத்தில் எண்ணிக்கையே அளவுகோலாகிவிட்டது. யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் முன்மொழிந்த மேற்கோள் அட்டவணை, ஒரு கருத்து எங்கெங்கு சென்றது என்பதைத் தேடுவதற்கான கருவி. கலை, மானுடவியல் துறைகளுக்கான அட்டவணை 1978இல் வந்தது. இவை பெரிதும் ஆங்கில ஆய்விதழ்களைச் சார்ந்தவை. தமிழில் நூலாக வெளிவரும் வரலாற்றுக்கு அவற்றில் இடம் மிகக் குறைவு. நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2010இல் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் முறை வகுத்தது. பின்னர் அமைத்த இதழ்ப் பட்டியலை 2025இல் தானே கைவிட்டது. இதற்கிடையே எத்தனை இளம் ஆய்வாளர்கள் களத்தை விட்டு இதழ் தேடி அலைந்தனரோ!

பெயர்கள் ஏட்டோடு நிற்பவை அல்ல. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் லெப்பை என்பதனுள் ராவுத்தரையும் மரைக்காயரையும் அடக்குகிறது. முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2007இல் வந்தபின், அப்பெயருக்குள் யார் அடங்குவர் என்பது ஒரு மாணவரின் கல்லூரி இடத்தையே தீர்மானிக்கும் கேள்வியாயிற்று.

போடி, கம்பம், உத்தமபாளையம் பகுதிகளில் ராவுத்தர்கள் திரளாக வாழ்கின்றனர். 1956இல் தொடங்கிய கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி உத்தமபாளையத்திலேயே உள்ளது. இப்பகுதி ஜமாஅத்துகளின் பழைய நிக்காஹ் தப்தர்களை அக்கல்லூரி மாணவர்கள் ஆண்டுவாரியாகப் படியெடுத்து, கடற்கரை ஊர்களின் தப்தர்களோடு ஒப்பிடட்டும். யார் யாரோடு கொள்வினை கொடுப்பினை வைத்திருந்தனர் என்பதற்கு, பிரான்சிஸையும் தர்ஸ்டனையும் சாராத இரண்டாவது சாட்சி அங்கிருந்து கிடைக்கும்.