நானோகோள அச்சுமுறை

நானோகோள அச்சுமுறை என்பது, மிக நுண்ணிய பாலிசுடைரீன் கோளங்களை மறைப்பாகக் கொண்டு, ஒரு பரப்பின் மேல் ஒழுங்கான உலோக நானோ வடிவங்களை உருவாக்கும் முறையாகும். பரப்பினால் மிகைப்படுத்தப்பட்ட இராமன் நிறமாலையியலுக்கு வேண்டிய தளங்களைச் செய்ய இது பயன்படுகின்றது.

பின்னணி

1928 இல் ச. வெ. இராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் மூலக்கூறுகளை இனங்காண உதவுகின்றது. ஆனால் அது மிகவும் வலுக்குறைந்தது. 1974 இல் பிளைசுமன் குழுவினர், சொரசொரப்பாக்கப்பட்ட வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடீனிலிருந்து வலுவான சைகையைப் பெற்றனர். பரப்பளவு கூடியதே காரணம் என அவர்கள் கருதினர். அது மட்டும் போதிய காரணமன்று என 1977 இல் இரு குழுக்கள் காட்டின. உலோக இலத்திரன்கள் ஒளியுடன் ஒத்ததிர்வதால், கூர்முனைகளிலும் நுண்ணிடைவெளிகளிலும் மின்புலம் பெருகுவதே முதன்மைக் காரணமாகும். எனவே, உலோகத்தின் வடிவம் இடத்துக்கு இடம் மாறினால் சைகையும் மாறும். அளவீட்டை நம்ப இயலாது. 1977 ஆய்வாளர்களுள் ஒருவரான வான் டைன், 1995 இல் அல்ட்டீனுடன் இணைந்து இவ்வச்சுமுறையை விரிவாக வெளியிட்டார்.

செய்முறை

1. சில நூறு நானோமீட்டர் விட்டமுடைய கோளங்கள் கலந்த நீர், தூய கண்ணாடியின் மேல் இடப்படும்.
2. நீர் ஆவியாகும்போது கோளங்கள் தாமாகவே நெருங்கி, அறுகோண ஒழுங்கில் ஒற்றை அடுக்காக அமையும்.
3. வெற்றிடத்தில் வெள்ளி ஆவியாக்கப்படும். அது கோளங்களின் இடைவெளிகள் வழியாக மட்டுமே கண்ணாடியில் படியும்.
4. கரைப்பானில் மீயொலியைச் செலுத்திக் கோளங்கள் நீக்கப்படும். முக்கோண வெள்ளித் துகள்கள் எஞ்சும்.

கோளத்தின் விட்டம் துகள்களின் இடைத்தொலைவையும், படியும் வெள்ளியின் அளவு அவற்றின் உயரத்தையும் தீர்மானிக்கின்றன.

நிறைகுறைகள்

இலத்திரன் கற்றையால் பொறிக்கும் முறையைவிட இதற்குச் செலவு குறைவு. பெரிய பரப்பையும் விரைவில் ஆக்கலாம். எனினும், கோள அடுக்கில் விரிசல்களும் வெற்றிடங்களும் தோன்றுவதுண்டு. வெள்ளி காற்றில் மங்குவதால் சைகை நாளடைவில் குறையும். தங்கம் நிலைத்திருக்கும், ஆயினும் பொதுவாக அதன் மிகைப்பாடு குறைவு.