மணலில் எழுதிய பள்ளிக்கூடமும் லண்டனில் அச்சான புத்தகமும்

இந்த எபிசோடு ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் இருந்து ஆரம்பிக்குது. அனுப்பினது, தண்டையார்பேட்டையில் நான் அஞ்சாவது வரைக்கும் படிச்ச மாநகராட்சிப் பள்ளியோட இப்போதைய தலைமை ஆசிரியை. "தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குற? நம்ம ஸ்கூலுக்கு ஒரு இன்ஸ்டா பேஜ் போட்டுக் குடுப்பா. ஜூன்ல சேர்க்கை குறைஞ்சா ஒரு டீச்சரை வேற பள்ளிக்கு மாத்திடுவாங்க."

சரி டீச்சர்னு சொல்லிட்டேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு கூச்சம். காலேஜ்ல "எந்த ஸ்கூல்டா?"னு யாராவது கேட்டா, ஆறாவதில் சேர்ந்த மெட்ரிக் பள்ளி பேரை மட்டும்தான் சொல்வேன். அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்தை அப்படியே முழுங்கிடுவேன்.

முதல் போஸ்ட் என்ன போடலாம்னு யோசிச்சப்போ ஒரு கேள்வி வந்தது. ஒரு பள்ளியோட தலைமை, தன் பள்ளியைப் பத்தி ஊருக்குச் சொல்றது எப்போ ஆரம்பிச்சது? தேடிப் போனா, உலகம் முழுக்கப் போன ஒரு விளம்பரமே மெட்ராஸில் இருந்துதான் கிளம்பியிருக்கு.

1787-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மெட்ராஸ் வந்தார். 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். இப்போ எழும்பூர் ரயில் நிலையம் நிக்கிற பக்கம்தான் அது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்களுக்கும் பிறந்த பிள்ளைகள். இருந்த ஆசிரியர்களோ பெல் சொன்ன எதையும் மாத்திச் செய்யத் தயாரா இல்லை.

ஒருநாள் அவர் போகிற வழியில் ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளியைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பேப்பர் வேண்டாம், பேனா வேண்டாம், தப்பானா அழிச்சிட்டு மறுபடி எழுதலாம். திரும்பி வந்து இதையே செய்யச் சொன்னார். முடியாதுன்னுட்டாங்க ஆசிரியர்கள். உடனே ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக்கொடு என்றார். அது வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமாக மொத்தப் பள்ளியுமே மாணவர்களுக்கு மாணவர்களே கற்பிக்கிற இடமானது.

நம்ம திண்ணைப் பள்ளியில் இதைச் செய்தவருக்கு ஒரு பேர் உண்டு: சட்டாம்பிள்ளை. வாத்தியாருக்குப் பதிலா மத்த பிள்ளைகளை மேய்க்கிற மூத்த மாணவன்.

ஊர் திரும்பிய பெல், 1797-ல் மெட்ராஸ் அனுபவத்தை ஒரு சின்னப் புத்தகமாக லண்டனில் வெளியிட்டார். அடுத்த வருஷமே அங்கே ஜோசப் லங்காஸ்டர் ஒரு பள்ளி ஆரம்பித்தார், 1803-ல் அவரும் புத்தகம் போட்டார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று பெரிய சண்டை. இங்கிலாந்துத் திருச்சபை பெல் பக்கம், அதிலிருந்து விலகி நின்றவர்கள் லங்காஸ்டர் பக்கம். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம். ஆலைகள் பெருகிய அந்த நாட்டுக்கு இந்தச் செலவுக் கணக்கு ரொம்பப் பிடித்தது. 'மெட்ராஸ் முறை' என்ற பேரிலேயே பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்னிக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இருக்கு. பெல் 1832-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

அந்தத் திண்ணை வாத்தியார் பேர் எங்கேயும் இல்லை.

இதே காலத்தில், 1822-ல், சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளி இருக்குன்னு எண்ணச் சொன்னார் கவர்னர் தாமஸ் மன்றோ. கணக்கு வந்தது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அத்தனை பள்ளி, அத்தனை வாத்தியார். தன் பள்ளியைப் பத்தி அச்சடித்து லண்டன் கடையில் வைக்கிற வழி மட்டும் அவர்களுக்கு இல்லை. எழுதினவனுக்குப் பேர் கிடைச்சது. செஞ்சவன் காணாமப் போயிட்டான்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். கொருக்குப்பேட்டையில் பிறந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகள் ஏழைகள், அதனால்தான் பள்ளிக்கு வருவது குறைவு என்பதே அவர் வாதம். திட்டம் மேலும் நாலு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆனது. இதுக்கு யாரும் நோட்டீஸ் அடிச்சு விளம்பரம் பண்ண வேண்டியிருக்கலைன்னு நினைக்கிறேன். சோறு போடுறாங்கன்னு ஒரு அம்மா இன்னொரு அம்மாகிட்ட சொன்னா போதும். தொடக்கக் கல்வி நிதியை இதுக்குச் செலவழிக்க அரசு அனுமதிக்காததால், 1925 ஏப்ரல் 1-ல் அது நின்றுபோனது. அப்புறம் காமராஜர், எம்.ஜி.ஆர்., 2022-ல் காலை உணவுத் திட்டம் வரைக்கும் வந்த கதை உங்களுக்கே தெரியும்.

இந்த ரெண்டையும் வச்சுத்தான் டீச்சர்கிட்ட பேசினேன். பள்ளிக்குள்ள ஒண்ணும் இல்லாம பேஜ் மட்டும் இருந்தா ஒரு வாரத்துல தெரிஞ்சிடும். உள்ள இருந்தும் சொல்லாம விட்டா, வேற யாராவது வந்து அவங்க பேர்ல சொல்லிடுவாங்க. அதனால மூணு விதி வச்சோம். ஒண்ணு, பெத்தவங்க சம்மதம் இல்லாம எந்தப் பிள்ளை முகமும் வராது. ரெண்டு, பாத்ரூம்ல தண்ணி வருதா, எத்தனை டீச்சர் இருக்காங்க, மதியம் என்ன சாப்பாடு. பெத்தவங்க கேக்குற இந்த மூணுக்கும் பதில் முதல்ல. மூணு, வேலை செஞ்சவங்க கேட்டுக்கிட்டா அவங்க பேர் கண்டிப்பா வரணும்.

முதல் வீடியோ சத்துணவு சமைக்கிற அக்காவோடது. பேர் போடலாமான்னு கேட்டேன். "இனிஷியலோட போடு தம்பி"ன்னாங்க.

ரெண்டாவது யாருன்னு கேட்டதுக்கு டீச்சர் என்னைக் காட்டினாங்க. "நான் இந்த ஸ்கூல்லதான் படிச்சேன்." அவ்ளோதான் வசனம். நாலு டேக் ஆச்சு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க முதல் ஸ்கூல் எதுன்னு எழுதி அனுப்புங்க. அதை முழுங்காம சொல்லுங்க.