பாதியில் நின்ற நொதிப்பும் யார்க்‌ஷயர் கல் தொட்டியும்

மால்ட் சாற்றில் ஈஸ்ட் சேர்ந்தால் ஓரிரு நாளில் நுரை பொங்கும், பிறகு அடங்கும். சர்க்கரை தீர்ந்து அடங்கியதா, பாதியிலேயே நின்றுவிட்டதா என்பதை நுரை சொல்லாது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தின் பீர் ஆலைகளில் பெரும்பாலும் கண்ணும் கையும் நாக்கும்தான் கருவிகள். நின்றுபோன சாறு இனித்துக் கிடந்து, சில நாளில் கெட்டுப்போகும்.

முதலில் துணைக்கு வந்தது வெப்பமானி. லண்டன் ஆலைக்காரர் மைக்கேல் கோம்ப்ரூன் 1762இல் வெளியிட்ட நூல் அதன் பயனை விளக்கியது. குளிரில் ஈஸ்ட் மந்தமாகும் என்பது பட்டறிந்த செய்திதான். அதை எண்ணாகக் குறித்துவைக்க இப்போதுதான் வழி கிடைத்தது. அடுத்து சர்க்கரைமானி. ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் அதைப் பற்றி எழுதினார். சாறு இனிப்பாக இருக்கும்வரை இந்த மானியின் மிதவை உயர்ந்து நிற்கும். சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாறத் தாழும். நாக்கில் இனிப்பு மிஞ்சியிருக்கையிலேயே மிதவை நாள்கணக்கில் ஒரே கோட்டில் நின்றால் நொதிப்பு நின்றுவிட்டது என்று பொருள். இதைவிட எளிய சோதனை இன்றும் இல்லை.

நொதிப்பு இப்படிப் பாதியில் நிற்காமலிருக்க, வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்காரர்கள் போன வழி தனி. அங்கே புழங்கிய ஈஸ்ட்டின் செல்கள் சீக்கிரமே ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, சர்க்கரை மிச்சமிருக்கும்போதே மேலே ஒதுங்கிவிடும். அந்த ஈஸ்ட்டைக் கைவிடாமல், அதற்கேற்பத் தொட்டியைக் கட்டினார்கள். ஸ்லேட் கற்பலகைகளால் ஆன சதுரத் தொட்டி. மேற்பகுதியில் ஒரு கல் தளம். தளத்தின் நடுவே விளிம்பு உயர்ந்த வட்டத் திறப்பு. நுரை அந்தத் திறப்பின் வழியே ஏறித் தளத்தில் தங்கும். கூடவே வந்த பீர் குழாய்களில் வடிந்து கீழிறங்கும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை கீழிருக்கும் பீரை பம்பால் ஏற்றி, தங்கிய ஈஸ்ட்டின் மேல் பீய்ச்சுவார்கள். திரள் உடைந்து ஈஸ்ட் மறுபடி சாற்றில் கலக்கும். காற்றிலிருந்து ஆக்சிஜனும் சேரும். இந்த பீரின் கனத்த உடலும் மெல்லிய வெண்ணெய் மணமும் இப்படி வந்தவையே. டாட்காஸ்டரில் 1758இல் தொடங்கிய சாமுவேல் ஸ்மித் ஆலை இந்தக் கல் தொட்டிகளை இன்றுவரை காத்துவருவது பாராட்டுக்குரியது.

ஈஸ்ட் உயிருள்ளது என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் நிலைநாட்டினார். பீர் பற்றிய அவரது நூல் 1876இல் வந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், பீரைக் கெடுத்தது காட்டு ஈஸ்ட்டின் கலப்பு என்று கண்டு, ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த தூய ஈஸ்ட்டை 1883இல் ஆலைக்குத் தந்தார். அதன்பின், சோர்ந்த தொட்டிக்குப் புது ஈஸ்ட் இடுவது நம்பகமான வழியானது.

பிரிட்டனில் 1963இல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்றானது. ஆலைகளின் பழைய வைத்தியம் அப்படியே வாளிக்கு வந்தது: அளந்து பார்ப்பது, குளிர்ந்திருந்தால் 20 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுவது, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி வாளியை மெல்லச் சுழற்றுவது. தெறிக்கக் கலக்குவதில்லை, கடைசிக் கட்டத்தில் நுழையும் காற்று பீரை விரைவில் பழையதாக்கிவிடும். இவற்றுக்கும் அசையாவிட்டால், ஏற்கெனவே நுரைத்து ஓடிக்கொண்டிருக்கும் புது ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள்.