பொதுக் கட்டடங்களில் ஆற்றல் கண்காணிப்பு: ஒரு வரலாற்றுப் பார்வை

பள்ளி, மருத்துவமனை, நூலகம், நகராட்சி அலுவலகம் போன்று மக்கள் வரிப்பணத்தில் இயங்குபவை பொதுக் கட்டடங்கள். இவற்றின் ஆற்றல் செலவில் ஒரு பழைய சிக்கல் உண்டு. விளக்கைப் போடுபவர் ஒருவர்; கட்டணம் செலுத்துவது வேறோர் அலுவலகம்; மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுப்பவர் மூன்றாம் ஆள். வீட்டில் மின்கட்டணம் கூடினால் அன்றைக்கே அது பேச்சாகிவிடும். பொதுக் கட்டடத்தில் அப்படிப் பேச யாருக்கும் காரணம் இருப்பதில்லை.

ஆற்றல் நுகர்வைத் தொடர்ந்து அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு வீண் செலவைக் கண்டறிந்து குறைப்பது ஆற்றல் கண்காணிப்பு எனப்படுகிறது. மேலே சொன்ன மூவருக்கும் இடையிலான தொலைவைக் குறைக்க நடந்த முயற்சிகளாகவே இதன் வரலாற்றைப் பார்க்கலாம்.

கட்டணத்துக்காகப் பிறந்த மீட்டர்

மின்மீட்டர் சேமிப்புக்காக உருவானதன்று. கட்டணம் வசூலிக்க உருவானது. 1880களில் எடிசன் பயன்படுத்திய மீட்டர் ஒரு வேதிக் கருவி. கரைசலில் மூழ்கிய துத்தநாகத் தகடுகள் மின்சாரம் பாயும்போது எடை மாறும். நிறுவனத்தின் ஆள் தகடுகளை எடுத்துச் சென்று, நிறுத்துப் பார்த்துக் கட்டணம் கணக்கிடுவார். மின்சாரத்தைப் பயன்படுத்துபவர் அந்தக் கருவியைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

1889இல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிலகத்தைச் சேர்ந்த ஓட்டோ பிளாத்தி, மாறுதிசை மின்சாரத்துக்கான தூண்டல் மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். சுமார் 23 கிலோ எடையுள்ள அந்தக் கருவியின் வழிவந்தவையே, சுழலும் தகடு கொண்ட பிற்கால மீட்டர்கள். இவற்றில் எண்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனாலும் மின்சாரம் மலிவாக இருந்த காலத்தில், பொதுக் கட்டடங்களில் கணக்கெடுப்பவரைத் தவிர வேறு எவரும் அவற்றைப் படிக்கவில்லை.

1973: நெருக்கடியும் ஆணைகளும்

1973 அக்டோபரில் அரபு எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளுக்கு எண்ணெய் தர மறுத்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. குளிர்நாடுகளில் கட்டடங்களைச் சூடாக்கப் பெருமளவு எண்ணெய் செலவானதால், அரசுகளின் பார்வை தம் சொந்தக் கட்டடங்கள் மீது திரும்பியது.

முதலில் வந்தவை ஆணைகள். 1973 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன், கூட்டரசு அலுவலகங்களின் பகல்நேர வெப்பநிலையை 65 முதல் 68 பாரன்ஹீட் பாகைக்கு (சுமார் 18 முதல் 20 செல்சியஸ்) குறைக்கச் சொன்னார். 1979இல் கார்ட்டர் அரசு, குடியிருப்பு அல்லாத கட்டடங்களை 65 பாகைக்கு மேல் சூடாக்கவோ 78 பாகைக்குக் கீழ் குளிரூட்டவோ கூடாது என்று விதித்தது. 1981 பிப்ரவரியில் ரீகன் இந்த விதியை நீக்கினார்.

ஆணை இருந்தவரை கட்டுப்பாடு இருந்தது. ஒவ்வொரு கட்டடமும் எவ்வளவு செலவழிக்கிறது, எங்கே வீணாகிறது என்ற கேள்விக்கு ஆணையால் விடை தர முடியவில்லை. அதற்கு அளவீடு தேவைப்பட்டது.

பிரிட்டன்: வானிலையைக் கழித்துப் பார்த்தல்

பிரிட்டனில் 1980இல் எரிசக்தித் துறை 'கண்காணிப்பும் இலக்கும்' என்ற பொருள்படும் திட்டத்தைத் தொடங்கியது. நுகர்வை ஒழுங்காகக் குறித்து, எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டு, மிகுதியாக இருந்தால் காரணம் தேடுவது இதன் முறை.

எதிர்பார்க்கும் அளவை எப்படிக் கணிப்பது? குளிர் கடுமையான மாதத்தில் செலவு கூடுவது இயல்பு. இதைச் சரிசெய்யப் 'பாகை நாள்' என்ற அளவு உதவியது. பிரிட்டனில் 15.5 செல்சியஸ் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 10 பாகை என்றால், அந்த நாளின் கணக்கு ஏறத்தாழ 5.5 பாகை நாள். நாள்தோறும் இப்படிக் கூட்டினால் அந்த மாதத்தின் குளிர் ஓர் எண்ணாகக் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு பள்ளி சென்ற சனவரியில், 400 பாகை நாளுக்கு, சூடாக்க 40,000 யூனிட் செலவிட்டது என்று கொள்வோம். இந்தச் சனவரியில் 300 பாகை நாள். செலவு 34,000 யூனிட். மேலோட்டமாகப் பார்த்தால் 6,000 யூனிட் மிச்சம். ஆனால் 300 பாகை நாளுக்கு 30,000 யூனிட்டே போதும். எனவே அந்தப் பள்ளி உண்மையில் 4,000 யூனிட் கூடுதலாகச் செலவழித்திருக்கிறது. மீட்டர் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் பாராட்டுக் கிடைத்திருக்கும்!

ஹாம்பர்க்: பாதிக்குப் பாதி

கணக்கு சரியானாலும், விளக்கை அணைக்க வேண்டியவருக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்வி மிஞ்சியது. செர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1994இல் இதற்கு எளிய விடை ஒன்றைக் கண்டது. பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் நுகர்வை அடிப்படையாகக் கொண்டு, மாணவரும் ஆசிரியரும் பராமரிப்பாளரும் சேர்ந்து மிச்சப்படுத்தும் பணத்தில் பாதி நகருக்கு, பாதி பள்ளிக்கு. பள்ளி தன் பங்கை விரும்பியவாறு செலவழிக்கலாம். இதனால் திட்டத்துக்கு 'பிப்டி பிப்டி' என்றே பெயர் வந்தது.

இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கிய திட்டம், பின்னர் நகரின் பிற பள்ளிகளுக்கும் பரவியது. செய்யப்பட்டவை பெரிய வேலைகள் அல்ல. ஆளில்லாத வகுப்பறையில் விளக்கை அணைத்தல். குளிர்காலத்தில் சன்னலை நாள் முழுதும் சிறிது திறந்து வைப்பதற்குப் பதிலாகச் சில நிமிடங்கள் அகலத் திறந்து மூடுதல். விடுமுறை நாட்களில் சூடாக்கும் அமைப்பைத் தணித்தல். அறைகளின் வெப்பநிலையைக் குறித்து வருதல். இவற்றில் பள்ளிப் பராமரிப்பாளரின் பங்கு பெரிது. கொதிகலனின் நேரக் கட்டுப்பாடு அவர் கையில்தான் இருந்தது.

இதே முறை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவுடன் 'யூரோநெட் 50/50' என்ற பெயரில் 2009 முதல் 2012 வரை 9 நாடுகளில் நடந்தது. 2013 முதல் 2016 வரை நடந்த அடுத்த கட்டத்தில் 13 நாடுகளின் சுமார் 500 பள்ளிகளும், ஏறத்தாழ 50 பிற பொதுக் கட்டடங்களும் பங்கேற்றன. பார்சலோனா மாகாண சபை ஒருங்கிணைத்தது. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர், ஆசிரியர், பராமரிப்பாளர் அடங்கிய ஓர் ஆற்றல் குழு அமைக்கப்பட்டது.

வாசலில் ஒரு சான்றிதழ்

மற்றொரு வழி, அளவைப் பொதுமக்கள் கண்முன் வைப்பது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2008 அக்டோபர் முதல், மக்கள் வந்துபோகும், 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பொதுக் கட்டடங்கள் ஆற்றல் சான்றிதழை எளிதில் காணும் இடத்தில் மாட்ட வேண்டும் என்பது விதியானது. பரப்பளவின் வரம்பு 2013இல் 500 ஆகவும் 2015இல் 250 ஆகவும் குறைக்கப்பட்டது. கட்டடத்தின் வடிவமைப்பைக் கொண்டல்லாமல், ஓராண்டில் உண்மையாக நுகர்ந்த அளவைக் கொண்டு முதல் எழுத்திலிருந்து ஏழாம் எழுத்து வரை தரம் இடப்படுகிறது. அதே வகைக் கட்டடத்தின் வழக்கமான நுகர்வு 100 என்ற எண்ணாகக் கொள்ளப்படுகிறது.

இந்தியாவிலும் உண்மை நுகர்வை அடிப்படையாகக் கொள்ளும் எண்ணம் வந்தது. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் நிறைவேறி, அதன்கீழ் எரிசக்தித் திறன் செயலகம் 2002 மார்ச்சில் அமைந்தது. அது 2009இல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரத் தரம் கொண்டுவந்தது. ஒரு சதுர மீட்டருக்கு ஓராண்டில் எத்தனை யூனிட் என்பதே அதன் அளவுகோல். தட்பவெப்பத்துக்கு ஏற்ப வரம்புகள் மாறும்.

கண்காணிப்பின் எல்லைகள்

மின்னணு மீட்டர்கள் வந்தபின் அளவெடுப்பது எளிதாகிவிட்டது. அமெரிக்கா 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, தன் கூட்டரசுக் கட்டடங்களில் இயன்றவரை 2012 அக்டோபருக்குள் மின்மீட்டர்கள் பொருத்தச் சொன்னது. அரை மணிக்கு ஒருமுறை தானே பதிவு செய்யும் மீட்டர்கள் இன்று பரவலாக உள்ளன.

ஆனால் மீட்டர் எதையும் மிச்சப்படுத்துவதில்லை. அதைப் படித்து, காரணம் தேடி, ஒருவர் எழுந்து போய் எதையாவது அணைக்க வேண்டும். பாதிக்குப் பாதி முறையிலும் குறை உண்டு. எளிய சேமிப்புகள் முதல் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். முன்பே சிக்கனமாக இருந்த பள்ளிக்குக் கிடைக்கும் பங்கு குறைவு. புதிய கட்டடமோ கணினி அறையோ சேர்ந்தால் அடிப்படைக் கணக்கையே மாற்ற வேண்டும். பழைய கொதிகலனையும் ஒழுகும் சன்னலையும் மாற்ற முதலீடு தேவை; நல்ல பழக்கம் மட்டும் போதாது.

இருந்தும் ஓர் எண் இந்த முயற்சிகளின் பொருளை விளக்கும். ஓராண்டில் 8,760 மணி நேரம் உள்ளது. 200 நாள், நாளுக்கு 8 மணி நேரம் நடக்கும் பள்ளி இயங்குவது 1,600 மணி நேரமே, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி நேரத்தில் அங்கே என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மீட்டர் மட்டுமே சொல்லும். இதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பள்ளி முடியும்போது மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை பள்ளி திறக்கும் முன் மீண்டும் பார்த்தால் போதும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, யாருக்கும் பயன்படாமல் போன யூனிட்டுகளைத் தேடத் தொடங்குவதற்கான இடம்.