வான்கோழி திரும்பி வந்த கதை



வான்கோழியை மலாய்மொழியில் 'ஆயாம் பெலாண்டா' என்பார்கள். ஒல்லாந்துக் கோழி என்று பொருள். ஆங்கிலேயர் அதற்குத் துருக்கி நாட்டின் பெயரைச் சூட்டினர். துருக்கியரோ அதை 'ஹிந்தி' என்கின்றனர். பிரெஞ்சு மொழியிலும் அது இந்தியாவிலிருந்து வந்த பறவைதான். போர்த்துகீசியர் 'பெரு' என்று அழைக்கின்றனர். இத்தனை பெயர்களுள் ஒன்றேனும் அப்பறவையின் சொந்த ஊரைச் சரியாகச் சொல்லவில்லை என்பது வேடிக்கையன்றோ? வட அமெரிக்கக் காடுகளே அதன் தாயகம். மெக்சிகோவில் பழக்கி வளர்க்கப்பட்ட வான்கோழியை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1612ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு ஒரு வான்கோழி வந்து சேர்ந்தது. அரசவை ஓவியர் மன்சூர் வரைந்த அதன் ஓவியம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கும் மூதுரையில் மயிலைக் கண்டு தானும் ஆட முயலும் வான்கோழி வருகிறது. அந்நூலை இயற்றிய ஔவையார் சோழர் காலத்தவர் என்று கொண்டால், அவர் பாடிய பறவை அமெரிக்க வான்கோழியாக இருக்க இயலாது. படம் காட்டி விளக்கும்போது ஆசிரியர்கள் இதை நினைவில் கொள்வது நன்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவில் ஆண்டுதோறும் இளவேனில் வந்தால் பல குடும்பங்கள் காட்டு வான்கோழி வேட்டைக்குப் புறப்படுகின்றன. தென்புளோரிடாவில் மார்ச் மாதத் தொடக்கத்திலேயே பருவம் திறக்கிறது, மிசூரியில் ஏப்ரல், நியூயார்க்கில் மே. தாத்தா, தந்தை, பேரப்பிள்ளை என மூன்று தலைமுறையினர் ஒரே வண்டியில் மாநிலம் விட்டு மாநிலம் செல்வதும் உண்டு. கிழக்கத்திய இனம், புளோரிடாவின் ஓசியோலா, ரியோ கிராண்டே, மேற்கு மலைகளின் மெரியம் ஆகிய நான்கு வகைகளையும் வேட்டையாடிவிட்டால் அது அவர்களிடையே பெரும் பேறாகக் கருதப்படுகிறது. சிறுவர்களுக்கென்றே பருவத்திற்கு முன்பாகச் சில நாள்களை ஒதுக்கும் மாநிலங்களும் பல.

விடியலுக்கு முன்பே மரத்தடியில் சாய்ந்து அசையாமல் அமர வேண்டும். மரத்தின்மேல் உறங்கிய சேவல் கூவத் தொடங்கும். வேட்டையாடுபவர் பெட்டையின் குரலை எழுப்பி அதைத் தம்பால் அழைப்பார். இதற்கென மரப்பெட்டிகள் உள்ளன. மூடியை விளிம்பில் உரசினால் பெட்டையின் குரல் எழும். ஆர்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் என்பவர் 1897இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு நெடுங்காலம் முன்பே பழங்குடி மக்கள் வான்கோழியின் சிறகெலும்பையே ஊதுகுழலாக்கிக் கொண்டனர். பொம்மைப் பெட்டையை எதிரே நட்டு வைப்பதும் உண்டு. வேடர்கள் பழக்கி வைத்து, பிற விலங்குகளை ஈர்க்கப் பயன்படுத்திய விலங்கைச் சங்கத் தமிழர் 'பார்வை' என்றனர். சூழ்ச்சி பழையதுதான்!

எனக்கு வேட்டையில் நாட்டமில்லை. நம்மில் பலருக்கும் இராது. ஆயினும் இந்த வரலாற்றை அறிந்தபோது, 'வேட்டைக்காரன் என்றால் காட்டின் பகைவன்' என்று ஒரே வரியில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாகாது என்று எனக்குத் தோன்றியது.

ஐரோப்பியர் குடியேறியபின் காடுகள் வெட்டப்பட்டன. சந்தையில் விற்பதற்காகக் கணக்கின்றிப் பறவைகள் சுடப்பட்டன. பருவம் என்றோ வரம்பு என்றோ ஏதுமில்லை. கனெக்டிகட்டில் 1813ஆம் ஆண்டளவிலேயே காட்டு வான்கோழி அற்றுப்போயிற்று. மாசசூசெட்ஸில் கடைசிப் பறவை 1851இல் கொல்லப்பட்டது. 1904இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய், அவற்றுக்கு உணவளித்த செஸ்ட்நட் மரங்களையும் அழிக்கத் தொடங்கியது. 1920ஆம் ஆண்டளவில், முன்பு அப்பறவை வாழ்ந்த 39 மாநிலங்களில் 18இல் அதன் சுவடே இல்லை. இவ்வாறு அழித்தவர்கள் யார்? இன்று பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்வோரின் பாட்டன் பூட்டன்களும் அவர்களுள் அடங்குவர். அதை மறைக்க வேண்டியதில்லை.

1900ஆம் ஆண்டின் லேசி சட்டம், சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளையும் பறவைகளையும் மாநில எல்லை கடந்து விற்பதைத் தடுத்தது. 1937இல் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி, காட்டுயிர் மீட்புக்கென்றே மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவ்வரி இன்றும் 11 விழுக்காடாக உள்ளது. சுடுபவரே காட்டுக்கும் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு!

பணம் வந்தது, வழி தெரியவில்லை. பண்ணைகளில் பொரித்து வளர்த்த வான்கோழிகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டுப் பார்த்தனர். அவை நிலைக்கவில்லை. மிசூரியில் ஆய்வு செய்த ஸ்டார்க்கர் லியோபோல்ட் 1944இல் இதற்கு விளக்கம் அளித்தார். வீட்டு இனத்தோடு கலந்த பறவைகளிடம் காட்டுத்தன்மை மங்கிவிடுகிறது. அவை எச்சரிக்கையின்றி நடக்கின்றன. குஞ்சுகளைக் காக்கவும் இயலாமல் போகின்றன. அது பிறப்பிலேயே வரும் தன்மை என்பது அவர் முடிவு. பண்ணைக் குஞ்சுக்கு வேறொரு குறையும் உண்டு. பருந்தின் நிழலைக் கண்டால் பதுங்க வேண்டும் என்று கற்பிக்கத் தாய் அதனருகில் இல்லை. ஆசிரியர் என்ற முறையில் நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்த பகுதி இதுவே.

ஆகவே காட்டுப் பறவையையே பிடித்து இடம்பெயர்க்க வேண்டும். ஆனால் அதைவிட விழிப்பான பறவையைக் காண்பது அரிது. எத்தனை பொறிகளை வைத்தாலும் தப்பிவிடும். 1951இல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் காட்டில் ஹெர்மன் ஹோல்புரூக் என்பவர், நீர்ப்பறவைகளைப் பிடிக்க உருவாக்கிய பீரங்கி வலையை வான்கோழிகளுக்குப் பயன்படுத்தினார். தானியத்தைத் தூவிவிட்டு மறைந்திருப்பார்கள். பறவைகள் கூடியதும் வெடி விசையால் வலை பாய்ந்து அவற்றின்மேல் விழும். பிடித்தவற்றைப் பெட்டிகளில் வைத்து, பறவை இல்லாத காடுகளில் விட்டனர். மாநிலங்கள் பண்டமாற்றும் செய்துகொண்டன. வான்கோழியைக் கொடுத்து வேறு காட்டுயிரைப் பெற்றன.

மிசூரி 1937இல் வான்கோழி வேட்டையை அறவே நிறுத்தியிருந்தது. 23 ஆண்டுகள் கழித்து, 1960இல் மூன்றே நாள்களுக்கு 14 மாவட்டங்களில் மட்டும் இளவேனில் வேட்டைக்கு இசைவளித்தது. 698 பேர் சென்றனர், கிடைத்தவை 94. 2004இல் அதே மாநிலத்தில் இளவேனில் எண்ணிக்கை 60,000ஐத் தாண்டியது! நாடு முழுவதும் 2000களின் தொடக்கத்தில் சற்றேறக்குறைய 70 இலட்சம் காட்டு வான்கோழிகள் இருந்ததாகக் கணக்கிட்டனர். அலாஸ்கா நீங்கலாக 49 மாநிலங்களில் அவை வாழ்கின்றன.

இளவேனிலில் பொதுவாகச் சேவல்களை மட்டுமே சுடலாம்; நெஞ்சில் தொங்கும் 'தாடி'யே அடையாளம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும். ஆதலால் இணைசேர்ந்தபின் சில சேவல்கள் குறைந்தாலும் 28 நாள்கள் அடைகாக்கும் பெட்டைகளுக்கு ஊறில்லை என்பது கணிப்பு. தாடியைக் காணும்வரை விசையைத் தொடக் கூடாது என்பது அக்குடும்பங்களில் பிள்ளைக்குச் சொல்லித்தரும் முதற்பாடங்களுள் ஒன்று.

மாணவர்கள் கட்டாயம் கேட்கும் ஒன்றையும் குறிப்பிட்டுவிடுகிறேன். பெஞ்சமின் பிராங்க்ளின் வான்கோழியை நாட்டுச் சின்னமாக்க வேண்டும் என்று முன்மொழிந்தார் எனப் பலர் எழுதுகின்றனர். அஃது உண்மையன்று. 1784இல் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், கழுகைவிட வான்கோழி மதிப்பிற்குரியது என்று அரை விளையாட்டாக எழுதினார், அவ்வளவே.

எண்ணிக்கை ஏறியபடியே நிற்கவில்லை. 2000களின் நடுப்பகுதிக்குப் பின் தெற்கிலும் நடுமேற்கிலும் பல இடங்களில் குஞ்சுகள் குறைந்தன. மிசூரியின் இளவேனில் எண்ணிக்கை 2022இல் ஏறத்தாழ 36,000ஆக இறங்கியது. கூடு கட்டும் புல்வெளிகள் சுருங்கியதா, முட்டை தின்னும் விலங்குகள் பெருகியதா, பருவம் மிக முன்னதாகத் திறக்கப்பட்டதா என்று ஆய்வாளர்கள் விவாதித்து வருகின்றனர். டென்னசி உள்ளிட்ட சில மாநிலங்கள் பருவத்தைப் பின்தள்ளி, ஒருவர் கொல்லக்கூடிய எண்ணிக்கையையும் குறைத்துவிட்டன. அங்குள்ள குடும்பங்கள் தங்கள் பயண நாளை மாற்றிக்கொண்டு, முன்பைவிடக் குறைவான அனுமதியுடன் செல்கின்றன.