கடல் கடந்த பாடத்திட்டங்கள்: அயலகத் தமிழ் மாணவரும் தேர்வு நடத்தும் அதிகாரமும்

முன்னுரை

அயலகத்தில் வாழும் தமிழ் மாணவர்க்குப் பல்கலைக்கழகப் படிப்பை எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்னும் வினா, இணையவழிக் கல்வியோடு பிறந்த புதிய வினாவாகவே பெரிதும் பேசப்படுகிறது. தாயகம் கொடுக்கும் இடம், அயலகம் பெறும் இடம் என்னும் எண்ணமும் அப்பேச்சில் உடன் வந்துவிடுகிறது. தமிழ்க் கல்வி வரலாற்றை நோக்கின் இவ்விரண்டும் பொருந்தவில்லை. பாடத்திட்டங்கள் கடல் கடக்கத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவற்றுள் பல, வகுப்பறையின்றித் தேர்வு வழியாகவே கடந்தன. எனவே யார் கற்பித்தார் என்பதினும் யார் தேர்வு நடத்தினார், எதைப் பாடமாக வைத்தார், அதை முடிவு செய்தவர் யார் என்பனவே இவ்வரலாற்றின் முதன்மையான வினாக்கள். அவற்றை யாழ்ப்பாணம், மதுரை, கொழும்பு, மலாயா ஆகிய களங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இங்குச் சொல் ஒன்றையும் கருத வேண்டும். நிறுவனத்துக்கு வெளியே இருந்து பயில்பவரை இலங்கைத் தமிழ் 'வெளிவாரி மாணவர்' என்கிறது. தமிழகத்தில் வழங்கிய 'அஞ்சல்வழிக் கல்வி' என்னும் தொடர் பாடம் வந்து சேரும் வழியைச் சுட்டுகிறது. முன்னையது மாணவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. இக்கட்டுரையின் நோக்கிற்கு இலங்கை வழக்கே ஏற்புடையது.

வட்டுக்கோட்டையில் கற்று, சென்னையில் பட்டம்

1857ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டன. தொடக்கத்தில் அவை கற்பிக்கும் நிறுவனங்களாக இல்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அவற்றின் பணி. இவ்வமைப்பு முறையே அயலக மாணவர்க்கு வழி திறந்தது எனலாம். கற்ற இடம் வேறாகவும் பட்டம் தரும் இடம் வேறாகவும் இருக்க இயலும் என்பது அதன் அடிப்படையிலேயே அடங்கியிருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்தவர். இருவரும் அமெரிக்க மிசனரியார் 1823இல் தோற்றுவித்த வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். அச்செமினரி 1855இல் மூடப்பட்டது. அதாவது, பட்டம் பெறுவதற்குரிய கல்வியை இவர்களுக்கு அளித்த நிறுவனம், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் தோன்றுமுன்பே மறைந்துவிட்டது. சென்னை இவர்களுக்கு அளித்தது சான்று.

தேர்வு எழுதியவர் வரலாறு அத்தோடு நின்றிருந்தால், இஃது ஒரு பெருமைச் செய்தியாக மட்டுமே எஞ்சியிருக்கும். தாமோதரம்பிள்ளை சென்னையிலும் புதுக்கோட்டையிலும் பணியாற்றிக்கொண்டே பதிப்புப் பணியில் இறங்கினார். வீரசோழியம் 1881, இறையனார் அகப்பொருள் 1883, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887 என அவர்தம் பதிப்புகள் அடுத்தடுத்து வெளிவந்தன. பிற்காலத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பாடத்திட்டம் எந்நூல்களை அடித்தளமாகக் கொண்டதோ, அவற்றுள் சில, கடல் கடந்து வந்து தேர்வெழுதிய ஒருவர் கையால் அச்சேறியவை. உ. வே. சாமிநாதையரின் பணியோடு வைத்துத் தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணி பலமுறை ஒப்பிடப்பட்டுள்ளது. தேர்வெழுத வந்த மாணவர் பாடத்திட்டத்துக்குரிய மூலநூல்களை வழங்குபவராக மாறிய இந்நிகழ்வு, கல்வி வரலாற்று நோக்கில் அந்த அளவு கவனிக்கப்படவில்லை.

இலண்டனும் மதுரையும்: ஒருவர், இரு தேர்வுகள்

இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டுச் சாசனத்தின் வழித் தன் தேர்வுகளை, இணைவுக் கல்லூரிகளில் பயிலாதவர்க்கும் திறந்துவிட்டது. 1865இல் மொரீசியசுத் தீவில் இலண்டன் தேர்வு நடந்தது. பின்னர்க் குடியேற்ற நாடுகள் பலவற்றிலும் இம்முறை பரவியது. இலங்கையில் உயர்கல்வி நெடுங்காலம் இவ்வாறு வெளியிலிருந்து வந்த தேர்வுகளையே நம்பியிருந்தது. 1872இல் தொடங்கிய யாழ்ப்பாணக் கல்லூரி சிறிது காலம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்றிருந்து, பின்னர் இலண்டன் தேர்வுகளுக்கு மாறியது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்ட பின்னரும் அதன் மாணவர் எழுதியவை இலண்டன் தேர்வுகளே. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோதுதான் பட்டம் வழங்கும் உரிமை நாட்டுக்குள் வந்தது.

தமிழுக்கோ வேறொரு வழி இருந்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் புலமைத் தேர்வுகளை நடத்தியது. சங்கம் பல்கலைக்கழகம் அன்று. அரசின் சாசனமும் அதற்கு இல்லை. எனினும் அதன் பண்டிதத் தேர்வை எழுத இலங்கையிலிருந்து மாணவர் முன்வந்தனர்.

இவ்விரு வழிகளும் ஒருவர் வாழ்விலேயே கூடுவதைச் சுவாமி விபுலானந்தரிடம் காணலாம். கிழக்கிலங்கையின் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார்; 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றார். அறிவியலுக்கு இலண்டன், தமிழுக்கு மதுரை. இவ்விரண்டில் எதற்கும் அவர் இலங்கையை விட்டுச் சென்று வகுப்பறையில் அமரவில்லை. காலனிய ஆட்சியின் கல்விப் படிநிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. பட்டம் என்று மதிக்கப்பட்டது ஒன்று. புலமை என்று மதிக்கப்பட்டது மற்றொன்று. இரண்டையும் பெற்றவர்க்கே பிற்காலத்தில் பேராசிரியர் இருக்கை எளிதாயிற்று. விபுலானந்தர் 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ் நூலில் இசையையும் கணக்கையும் இணைத்து ஆராயும் முறையில், அவர் எழுதிய இரு தேர்வுகளின் தடமும் தெரிகிறது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

மதுரையை நோக்கிய இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1921இல் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றிப் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்னும் படிநிலைகளில் தானே தேர்வுகளை நடத்தத் தொடங்கியது. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டு. ஆங்கில வழிக் கல்விக்கான தேர்வு இன்னும் இருபத்தோர் ஆண்டுகள் இலண்டனிலேயே இருக்க, தமிழ்த் தேர்வை யாழ்ப்பாணம் தன் கையில் எடுத்துக்கொண்டது. அரசின் அனுமதிக்குக் காத்திராமல் புலமைச் சமூகம் தானே இதைச் செய்துகொண்டது.

மலாயா: பாடத்தை முடிவு செய்தவர் யார்?

தேர்வு அதிகாரத்தைப் பற்றிய வினா மிகக் கூர்மையாக எழுந்தது மலாயாவில். 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதில் இந்திய இயலுக்கு ஒரு துறை அமைக்கும் எண்ணம் எழுந்தபோது, அறிவுரை கூற வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அழைக்கப்பட்டார். அவர்தம் பரிந்துரை சமஸ்கிருதத்துக்கு முதன்மை அளிப்பதாக அமைந்தது. தென்கிழக்காசியாவின் கல்வெட்டுகளையும் பண்டை அரசுகளையும் ஆராய்வோர்க்குச் சமஸ்கிருதம் இன்றியமையாதது என்னும் நோக்கில் அதற்கு நியாயம் உண்டு. சோழர் வரலாற்றை எழுதியவரிடம் தமிழ்ப் புறக்கணிப்பைக் காண்பது முறையாகாது. ஆயினும் அந்நோக்கு இந்திய இயலை ஆய்வுப் பொருளாகக் கண்டதேயன்றி, அத்துறையில் வந்து அமரப்போகும் மாணவர் யார் என்று கேட்கவில்லை. மலாயாவில் வாழ்ந்த இந்தியருள் பெரும்பான்மையினர் தமிழர். அவருள் பெரும்பகுதியினர் இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

தமிழ் முரசு இதழின் நிறுவனர் கோ. சாரங்கபாணி இதனை எதிர்த்துத் தமிழே பாடமாக வேண்டும் என இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. எளிய தொழிலாளரும் அதற்குப் பங்களித்தனர். அந்நிதி பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்கு உதவியது. 1956இல் இந்திய இயல் துறை தமிழைக் கொண்டு தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் உள்ளே கால் வைத்திராத ஒரு சமூகம் அதன் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தது. பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டாலர் திரட்டப்பட்டபோது, தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. உலகெங்குமுள்ள தமிழரும் கொடுத்தனர். அம்முயற்சியைப் போற்றுவோர் மலாயாவின் முன்னோடி நிகழ்வையும் நினைவிற் கொள்வது நன்று. அங்கு ஈட்டியது ஓர் இருக்கை மட்டுமன்று. எதைக் கற்பிப்பது என்னும் முடிவில் ஒரு பங்கு.

1961இல் அத்துறையின் தலைமையை ஏற்ற தனிநாயக அடிகளார் அண்ணாமலையிலும் இலண்டனிலும் ஆய்வு செய்தவர், இலங்கையில் பிறந்தவர். அவர் முன்னின்று 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. முதல் மாநாடு தமிழகத்துக்கு வெளியே நடந்ததைத் தற்செயலாகக் கொள்வதற்கில்லை.

ஆய்வுத் துறையிலும் போக்கு ஒருவழியாக இல்லை. க. கணபதிப்பிள்ளை 7, 8ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மொழியை ஆராய்ந்து இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனின் நெறிகாட்டுதலில் ஆய்ந்தனர். கைலாசபதியின் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல் 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. அவ்விருவர் நூல்களும் தமிழ்நாட்டு முதுகலை வகுப்புகளுக்கு வந்து சேர்ந்தன என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பிளவக்கல்லிலிருந்து பார்க்கும்போது

வெளிவாரி நிலை கடல் கடந்தவர்க்கு மட்டும் உரியதன்று. வத்திராயிருப்பை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த பிளவக்கல்லை எடுத்துக்கொள்வோம். பெரியாறு, கோவிலாறு அணைகளால் அறியப்படும் இப்பகுதியின் மாணவர்க்கு விருதுநகர்க் கல்லூரி 1947இலும் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலும் தோன்றின. இராசபாளையம் ராஜுக்கள் கல்லூரி 1973இல்தான் வந்தது. இதற்கு இரண்டாண்டு முன்னரே, 1971இல், மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தது. இராசபாளையத்துக்குக் கல்லூரி வருமுன் அஞ்சற்காரர் வழியாகப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது எனலாம்.

பின்னாளில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்புகள் மாநில எல்லையையும் நாட்டெல்லையையும் கடந்தன. தாயகத்துப் பட்டத்தை அயலகத்திலிருந்தே பெற இவை வழி செய்தன. இந்நிலையைச் சட்டம் மாற்றியது. சத்தீசுகர் மாநிலத் தனியார் பல்கலைக்கழகங்கள் குறித்த யஷ் பால் வழக்கில் உச்சநீதிமன்றம் 2005இல் அளித்த தீர்ப்பு, ஒரு மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் அம்மாநில எல்லைக்குள் இயங்க வேண்டும் என்னும் கருத்தை நிலைநாட்டியது. பல்கலைக்கழக மானியக் குழு 2013இல் இவ்வெல்லைக் கொள்கையைத் தொலைநிலைக் கல்விக்கும் வலியுறுத்தியது. போலிக் கல்வி மையங்களை ஒடுக்க இக்கட்டுப்பாடு தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மாநில எல்லையே மொழி எல்லை என்று கருதும் ஒரு விதி, பல நாடுகளில் வாழும் ஒரு மொழியினர்க்கு எவ்வாறு பொருந்தும் என்பது அப்போது விவாதிக்கப்படவில்லை. தமிழ் இலக்கியம் பயில விரும்பும் அயலகத்தவர்க்கும், வணிக மேலாண்மைப் பட்டம் விற்ற மையங்களுக்கும் ஒரே விதி.

தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் அறிவிக்கப்பெற்று, 2001 பிப்ரவரி 17 அன்று அது தொடங்கப்பட்டது. அதன் உருவாக்கத்தில் முன்னின்ற வா. செ. குழந்தைசாமி நீரியல் அறிஞர். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். எனவே தொலைநிலைக் கல்வியின் நுட்பங்களை அவர் நன்கறிந்திருந்தார். சான்றிதழ் முதல் பட்டம் வரை படிநிலைகளாகப் பாடங்கள் வகுக்கப்பட்டன. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ள அந்நிறுவனத்தின் மின்நூலகம், பட்டம் நாடாதவர்க்கும் பயன்படுகிறது. நூலகத்தின் பயன் பாடத்திட்டத்தின் பயனை விஞ்சிவிட்டதோ என்று தோன்றுவதும் உண்டு.

எனினும் யாழ்ப்பாணச் சங்கம் 1921இலும் சாரங்கபாணி இயக்கம் 1950களிலும் எழுப்பிய வினா இங்கும் எழுகிறது. அயலக மாணவர்க்கான பாடங்களை வகுக்கும் குழுக்களில் அயலக ஆசிரியர்க்கு உரிய இடம் எது? மலேசியத் தோட்டப்புற இலக்கியமும் ஈழத்துப் புலம்பெயர் எழுத்தும் பாடப்பட்டியலின் இறுதியில் ஓர் அலகாக அமைகின்றனவா, அன்றி அடிப்படையிலேயே இடம்பெறுகின்றனவா?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குரிய சான்றுகளுள் ஒருவகை இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. அவை பழைய வினாத்தாள்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வு, யாழ்ப்பாணச் சங்கத்தின் பால பண்டிதத் தேர்வு, மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் தேர்வு, மதுரைப் பல்கலைக்கழக அஞ்சல்வழித் தேர்வு ஆகியவற்றின் வினாத்தாள்களை ஆண்டு வரிசையில் அடுக்கி வைத்தால், எந்நூல் எங்குப் பாடமாயிற்று, எது எங்கு விடுபட்டது, எந்த உரையாசிரியர் எந்த நகரில் கேட்கப்பட்டார் என்பது வெளிப்படும். பாடத்திட்ட அறிக்கைகள் நோக்கத்தைச் சொல்லும். மாணவர் உண்மையில் எதைப் படித்தார் என்பதற்கு வினாத்தாளே நெருங்கிய சான்று. இத்தகைய தாள்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டு அலமாரிகளில் பழைய குறிப்பேடுகளுக்கிடையே கிடக்கக்கூடும். கறையான் அரிக்குமுன் அவற்றை மின்படியாக்கும் பணியை, முனைவர் பட்ட ஆய்வாளர் தத்தம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.